சத்தத்தை நிறுத்தி ஆடிய வீடியோ கேம்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஆள் உள்ளே தூங்குகிறார் என்றால் அந்த வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளில் ஒரு துண்டு தொங்கும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. துண்டைப் பார்த்துவிட்டால் கீரைக்காரம்மா கூவ மாட்டார். விரலால் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு நிற்பார். கேஸ் கொண்டுவருகிறவர் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கி வருவார். குழாயடியில் சண்டை வந்தால்கூட பெண்கள் கையாலும் கண்ணாலும்தான் திட்டிக்கொள்வார்கள். புதிதாக யாராவது பார்த்தால் ஊமைகள் சண்டை என்றே நினைப்பார்கள். மொத்தம் எட்டு வீடு. எந்த நேரம் போனாலும் இரண்டு மூன்று துண்டாவது தொங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கன்னடம். நாங்கள் கல்லாவிப் பக்கத்துத் தமிழ். மூன்று மொழியிலும் நான் முதலில் கற்றுக்கொண்டது ஒரே வாக்கியம்தான். "கலாட்டா செய்யொத்து", "கலாட்டெ மாட்பேடா", "சத்தம் போடாதடீ." பக்கத்து வீட்டு அக்கா இதை அதட்டியெல்லாம் சொல்ல மாட்டார். உதட்டில் விரலை வைத்து, கெஞ்சுகிற மாதிரி சொல்வார். அவர் கணவர் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தார். அவருடைய வலது கையில் இரண்டு விரல் கிடையாது.

அந்த விரல்கள் போன கதை லைனில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும். அவர் ஒரு பகல் முழுக்கத் தூங்கவில்லை. தெருக்கோடியில் ஏதோ விசேஷம், ஸ்பீக்கர் வைத்துவிட்டார்கள். அன்று வேலைக்குப் போனவர், பிரஸ் இறங்கும்போது கண் அசந்துவிட்டார். கண் திறந்தபோது கை இந்தப் பக்கமும் விரல் அந்தப் பக்கமும் கிடந்தது என்று அவரே சொல்வார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி. அதற்கப்புறம்தான் துண்டு லைனில் சட்டம் ஆனது. எங்களுக்குத் தூக்கம் என்றால் விரல். யாராவது குழந்தை சத்தம் போட்டால் பெரியவர்கள் தங்கள் கையைத் தூக்கி விரலை மடக்கிக் காட்டுவார்கள். நாங்கள் உடனே வாயை மூடிக்கொள்வோம்.

எங்கள் அப்பாவும் பிரஸ் ஆபரேட்டர். ஊரில் மானாவாரிக் காடு ஒன்று இருந்தது, மழை வந்தால் கொள்ளு விளையும், வராவிட்டால் அதுவும் இல்லை. ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது அப்பா ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறி வந்தவர். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட். ஆள் வராவிட்டால் அடுத்த வாரமும் நைட். எட்டு மணி நேரம் அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஸ்பூன் கீழே விழுந்தாலும் தலைக்குள் அடிக்கும். தூங்கும்போது இரண்டு கையையும் மார்பின் மேல் சேர்த்து வைத்துக்கொள்வார். யாரோ திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரை ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். முதல் ஷிஃப்ட் வாரங்களில் அவர் மாலை நாலு மணிக்கு வந்து எங்களை சைக்கிளில் முன்னே ஒருத்தர் பின்னே ஒருத்தர் உட்காரவைத்து மாட்டுப் பண்ணை ரோட்டில் ஒரு சுற்று சுற்றுவார். பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் சீமைக் காளைகளுக்குத் தம்பி பெயர் வைப்பான், அப்பா அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த அப்பா வேறு. நைட் வாரத்து அப்பா வேறு.

அம்மா ஒரு பேக்கிங் செக்‌ஷனில் பகல் வேலைக்குப் போனார். எங்கள் பள்ளியில் இடம் போதாமல் காலை வகுப்பு, மதிய வகுப்பு என்று பிரித்திருந்தார்கள். நாங்கள் காலை வகுப்பு. நான் ஏழாவது, தம்பி நாலாவது. பன்னிரண்டே முக்காலுக்கு வீடு வந்துவிடுவோம். அப்பா எழுந்திருக்க நாலரை ஆகும். இடையில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். ஒரு சின்ன முன்னறை, பக்கத்தில் கதவு சாத்திய அறையில் தூங்கும் அப்பா, வெளியே தாழ்ப்பாளில் நீலக்கோடு போட்ட துண்டு. ஒன்பது வயதுப் பையனை அப்படி நாலு மணி நேரம் சும்மா உட்காரவைக்க முடியுமா? அவன் சும்மா இருக்கும் சாதியே இல்லை. நடந்தால் ஓடுவான், ஓடினால் எதையாவது தள்ளிவிடுவான்.

பெங்களூரில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே எல்லாக் கடைகளிலும் அது வந்துவிட்டிருந்தது. சாம்பல் நிறப் பெட்டி, ஒயர் வைத்த இரண்டு ஜாய்ஸ்டிக், மஞ்சள் கேசட். டிவியில் சொருகினால் போதும். "இத குடுத்துரு, பையன் எந்திரிக்கவே மாட்டான்" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்முன் அம்மா டிவியின் சத்தக் குமிழைப் பூஜ்யம்வரை திருப்பிவிட்டு, அதன் மேல் குறுக்காகப் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினார். அந்தப் பிளாஸ்திரி அப்புறம் எடுக்கப்படவே இல்லை.

ஆக நாங்கள் வீடியோ கேமைச் சத்தம் இல்லாமல்தான் ஆடினோம். எங்களுடையது கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவி. எங்களுக்குப் பிடித்த ஆட்டத்தில் இரண்டு ஆள் எதிரெதிரே நின்று குத்திக்கொள்வார்கள், உதைத்துக்கொள்வார்கள். ஒருவன் சாம்பல், இன்னொருவன் கொஞ்சம் வெளிறிய சாம்பல். ரத்தம் எல்லாம் கிடையாது. இருந்திருந்தாலும் சாம்பல் நிறத்தில்தான் வந்திருக்கும். ஒருவன் விழுவான், எழுவான், மூன்றாவது முறை விழுந்தால் மறைந்துபோவான். கேட்பதெல்லாம் பொத்தான் சத்தம் மட்டும். டக், டக், டக். அந்த ஆட்டத்துக்கு ஓர் இசை உண்டு என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். என் மகன் அதையே எங்கோ தேடி எடுத்துத் தன் போனில் ஆடினான். டொய்ங் டொய்ங் என்று கல்யாண பேண்டு மாதிரி ஒரு பாட்டு. அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு அவன் ஆடியபோது, கண்ணாடி மேல் அவன் விரல் படும் அந்த டக் டக் கேட்டபோதுதான் நான் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மாமா சொன்னது பலித்தது. தம்பி எழுந்திருக்கவே இல்லை. முதல் சில வாரம் வீட்டில் அமைதி. அப்பா நன்றாகத் தூங்கினார். லைனில் எல்லோரும் அம்மாவிடம் அந்தப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. நானும் தம்பியும் ஆடிக்கொண்டிருந்தோம். அவனை நான் அதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அன்று ஜெயித்துவிட்டேன். அவனுடைய ஆள் மூன்றாவது முறை விழுந்து மறைந்ததும் நான் என்னை மறந்து கத்திவிட்டேன். "ஹேய்" என்று ஒரே ஒரு கத்தல்தான். கத்திய வாயை மூடுவதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

அப்பா லுங்கியோடு நின்றார். கண் திறந்திருந்தது, ஆனால் ஆள் இன்னும் எழவில்லை. அப்படிப்பட்ட கண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் இருவரையும் பார்த்தார். தம்பி கையில் ஜாய்ஸ்டிக் இருந்தது. என்னுடையதை நான் பாவாடைக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தேன். எப்போது தள்ளினேன் என்றே எனக்குத் தெரியாது. கை தானாகச் செய்தது.

அப்பா வந்து தம்பியின் வாயை இடது கையால் மூடினார். வலது கையை முஷ்டியாக்கி அவன் முதுகில் குத்தினார். அறைந்தால் சத்தம் வரும், பக்கத்து வீட்டிலும் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. குத்தினால் வராது. நாலு குத்தோ ஐந்தோ. கோபமாகக்கூட இல்லை. பிரஸ் இறங்கி ஏறுகிற மாதிரி ஒரே அளவில். பிறகு கையை எடுத்தார், உள்ளே போனார், கதவைச் சாத்தினார். அந்தக் கதவைக்கூடச் சத்தம் வராமல்தான் சாத்தினார். தம்பி அழவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த என் ஆள் அங்கே இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

கத்தியது நான்தான் என்று சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, சாயங்காலம் அப்பா குளித்து, டீ குடித்து, நல்ல அப்பாவாகத் திரும்பி வந்தபோதும் சொல்லவில்லை.

அது முதல் முறையும் இல்லை, கடைசியும் இல்லை. கேம் வருவதற்கு முன்பே இப்படி நடந்திருக்கிறது: டம்ளர் விழுந்ததற்கு, தும்மியதற்கு, சிரித்ததற்கு. எப்போதும் தம்பிக்குத்தான். எப்போதும் இடது கை வாயில். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றும்போது அம்மா அவன் முதுகைப் பார்ப்பார். ஒன்றும் கேட்காமல் எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பேசத்தான் மாட்டோம்.

அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் தம்பி ஒரு பழக்கம் பழகிக்கொண்டான். ஆட்டத்தில் ஜெயித்தால், ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது கையால் தன் வாயையே மூடிக்கொள்வான். கண் மட்டும் சிரிக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். அந்த நேரத்தில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

பள்ளியில் நடந்தது அந்த வருடம் தை மாதம். தம்பியின் வகுப்பு டீச்சருக்கு ஆபீசில் ஏதோ வேலை. போகும்போது தம்பியை முன்னே கூப்பிட்டு நிற்கவைத்து, "ஒரு சத்தம் வரக்கூடாது, நீ பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேறு பையனாக இருந்தால் கரும்பலகையில் பேசுகிறவர்கள் பெயரை எழுதியிருப்பான், நாலு பேரிடம் லஞ்சமாக நெல்லிக்காய் வாங்கிக்கொண்டு அழித்திருப்பான். தம்பிக்கு அந்த வேலை அப்படிப் புரியவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் டெஸ்கில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தான். தம்பி இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறான். மூன்றாவது முறை பக்கத்தில் போய் நின்று, இடது கையால் அவன் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, வலது கையால் குத்தியிருக்கிறான். முதுகில், விலாவில், ஒரே அளவாக. அந்தப் பையன் துவண்டு கீழே சரியும்வரை.

நாற்பது பேர் இருந்த வகுப்பு. ஒருவரும் கத்தவில்லை என்றார்கள். அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பக்கத்து வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது, அங்கே ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் திரும்பி வந்தபோது வகுப்பு அவர் சொன்ன மாதிரியே அமைதியாக இருந்தது. தம்பி மேஜை பக்கத்தில் கை கட்டி நின்றுகொண்டிருந்தான். "சத்தம் வரல மிஸ்" என்று சொன்னானாம்.

அந்தப் பையனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. பிழைத்துக்கொண்டான், ஒரு மாதத்தில் எழுந்து நடந்தான், ஆனால் எங்கள் பள்ளிக்குத் திரும்ப வரவில்லை. அவனை நான் அப்புறம் ஒரே ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைத் தெரியவில்லை அவனுக்கு. அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான், உரத்த குரலில். நான் தூணுக்குப் பின்னால் நின்று அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா அம்மா இருவரையும் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அப்பா நைட் முடித்து நேராக வந்தார், அந்த நீலக்கோடு துண்டு தோளில் கிடந்தது. அம்மா லீவு சொல்லிவிட்டு வந்தார். என்னையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டுத் தம்பி பக்கத்தில் நிற்கவைத்தார்கள். அவனுடைய டீச்சரும் அங்கே உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பசங்க அடிச்சுக்கறது சகஜம்ங்க. ஆனா இவன் அடிச்ச விதம் இருக்கே, வாய மூடிட்டு அடிச்சிருக்கான். ஒம்போது வயசுப் பையனுக்கு இது எங்கருந்து வருது?" என்று கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார்.

"வீட்ல அடிப்பீங்களா?"

அப்பா துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பத்து விரலும் அதைப் பிசைந்துகொண்டிருந்தன. வாய் திறந்தது. சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், ஒரு நொடி விட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அம்மா என்னைப் பார்த்தார். அது மிரட்டும் பார்வை இல்லை, கெஞ்சும் பார்வையும் இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, போய் அணை என்று சொல்வதற்கு ஒரு பார்வை இருக்கிறதே, அது.

நான் சொன்னேன்: "வீடியோ கேம் மிஸ். தம்பி எப்பவும் அதத்தான் ஆடுவான். அதுல இப்டித்தான் அடிப்பாங்க."

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதை நான் பார்த்தேன். டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார். "அதானே பாத்தேன்" என்றார் தலைமையாசிரியை, இப்போதெல்லாம் பத்திரிகையில்கூட இதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்றார். எல்லா வீட்டிலும் பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை கெட்டுப்போனான் என்று வருகிறார்கள் என்றார். அப்பா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவர் கையில் துண்டு அசையாமல் நின்றுவிட்டது. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை பெரியவர்களை நான் ஒரே வார்த்தையில் காப்பாற்றிவிட்டேன் இல்லையா.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் அம்மா எங்களுக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். காரணமில்லாமல் கடையில் எதுவும் வாங்கித் தராதவர். நான் குடித்தேன். தம்பி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே வந்தான். அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் முன்னே போனதும் என் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, அதுல வாய மூட மாட்டாங்கக்கா" என்றான். "குத்துவாங்க, ஒதைப்பாங்க. வாய மூடறதுக்கு பட்டனே இல்லக்கா."

குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. ஆட்டத்தைச் சரியாகத் தெரியாத அக்காவுக்கு ஆடத் தெரிந்த தம்பி விளக்கிச் சொன்னான், அவ்வளவுதான். அந்தப் பொத்தான் எங்கேயும் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்றும் யாராவது போனைப் பார்த்துப் பிள்ளைகள் முரடாகிவிட்டார்கள் என்று சொன்னால், நான் மறுத்துப் பேசுவதில்லை. உண்மையாகவும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை விஷயத்தில் அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியை உடைத்தார். பக்கத்து வீட்டில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் அதைக் கோணிப்பையில் போட்டு, மேலே பழைய போர்வையைச் சுற்றி, காலால் மிதித்து மிதித்து நொறுக்கினார். கேட்டது கொஞ்சம்தான், அப்பளம் உடைகிற மாதிரி. தம்பி வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் டிவி குமிழில் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டப் பார்த்தேன். அது ஒட்டியே போயிருந்தது, வரவில்லை.

பெட்டி போனதோடு விஷயம் முடியவில்லை. வருடக் கடைசியில் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். லைனில் குழந்தை வைத்திருக்கிறவர்கள் தம்பியைப் பார்த்தால் தங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அதையும் சத்தமில்லாமல்தான் செய்தார்கள். பெங்களூரும் வேண்டாம், ஓசூரும் வேண்டாம், டிவியே இல்லாத இடமாகப் பார்க்கலாம் என்றார் மாமா. ஊத்தங்கரையில் சர்ச் நடத்தும் ஹாஸ்டல் ஒன்று இருந்தது. கல்லாவியிலிருந்து சொந்தக்காரர்கள் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்வார்கள். ஐந்தாவதிலிருந்து அங்கேதான் என்று முடிவானது. காரணம் கேட்டவர்களிடம் எல்லாம் அம்மா என் வாக்கியத்தையே சொன்னார். "வீடியோ கேம் பாத்துக் கெட்டுப்போயிட்டான்." ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் உண்மையானது.

நான் உண்மையைச் சொன்னால் அவனை அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் முழுக்க, மே முழுக்க. முதல் ஷிஃப்ட் வாரங்களில் சொல்லலாம் என்று நினைப்பேன், அப்பா சிரித்துக்கொண்டு இருப்பார், மனசு வராது. நைட் வாரம் வந்துவிடும், துண்டு தொங்கும், வாய் வராது. அப்பா அந்த இரண்டு மாதத்தில் தம்பியை ஒருமுறைகூடத் தொடவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. தம்பி பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், கட்டை விரல்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று அசைந்துகொண்டிருந்தன. சில நேரம் பெட்டியே இல்லாத அந்த அறையில் எனக்கு டக் டக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் அவன் நாக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருப்பான். சில நேரம் அவன் வாய் அசையாமல் இருக்கும், அப்போதும் கேட்கும்.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமையும் நைட் பார்த்துவிட்டு வந்த அப்பா குளித்துவிட்டு அப்படியே புறப்பட்டார். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று நினைத்திருந்தேன்.

கிருஷ்ணகிரியில் இறங்கி ஊத்தங்கரை பஸ் ஏறினோம். மூன்று பேர் சீட். அப்பா ஜன்னலோரம், தம்பி நடுவில், நான் இந்தப் பக்கம். தம்பியின் மடியில் ஒரு தகரப் பெட்டி, அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த அதே பெட்டி. வெயில் சுள்ளென்று ஜன்னல் வழியாக அடித்தது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் முடிந்து தொங்கவிட்டார். "ஸ்டாப்பிங் வந்தா எழுப்பு கண்ணு" என்று என்னிடம் சொன்னார். இரண்டு கையையும் மார்பில் சேர்த்துக்கொண்டார். பஸ் ஊர் எல்லை தாண்டும்முன் தூங்கிவிட்டார். அந்த வாரமும் நைட்தான், தம்பியை விட்டுவிட்டு என்னோடு அன்றைக்கே வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தள்ளிப் போட்டேன். இந்த நிறுத்தம் தாண்டட்டும், அடுத்தது தாண்டட்டும். மத்தூர் வந்து, ஆள் இறங்கி, பஸ் மறுபடி கிளம்பியதும் இனி நேரமில்லை என்று தெரிந்தது. தம்பியின் பக்கம் குனிந்தேன்.

"நான் பொய் சொல்லிட்டேன்டா" என்றேன். "அன்னிக்கு கத்துனது நான்தான். ஸ்கூல்லயும் நான்தான் பொய் சொன்னேன். நீ கேம்ல கத்துக்கல. எனக்குத் தெரியும். அப்பாகிட்ட இப்பவே சொல்லிர்றேன். திரும்பி வீட்டுக்குப் போயிரலாம்."

நான் அவனைத் தாண்டி அப்பாவின் பக்கம் சாய்ந்து, "அப்பா!" என்று கூப்பிட்டேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. இரண்டாவது முறை கூப்பிட வாயைத் திறந்தேன்.

தம்பியின் இடது கை என் வாயை மூடியது.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வலது கைக்காகக் காத்திருந்தேன். அதுவரை யாரும் என்னை அடித்ததில்லை. எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. முதுகைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் வலது கை பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. கம்பியில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் போடாதக்கா" என்றான், என் காதுக்குப் பக்கத்தில். "அப்பா தூங்குது. இன்னிக்கும் நைட்டு. வெரல் போயிரும்."

அப்பா பத்து விரலோடுதான் ரிடையர் ஆனார். பத்து விரலோடுதான் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். தம்பி அதற்கும் வந்துவிட்டு அன்றே கிளம்பினான். ஹாஸ்டலுக்குப் பிறகு ஐடிஐ, அப்புறம் வேலை, எல்லாம் வெளியூர். ஓசூரில் அவன் மறுபடி ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்கியதே இல்லை. என்னிடம் போனில் பேசுவான். மெதுவாகப் பேசுவான். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி. நான் அந்தப் பேச்சை எடுக்கப் பார்த்தால், "அக்கா, சாப்பிட்டியா" என்று கேட்பான்.

அன்று பஸ்ஸில் அவன் கையை எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்த பிறகும் நான் பேசவில்லை. ஊத்தங்கரை வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அப்பாவின் தோளைத் தொட்டு, மெதுவாக, நான்தான் எழுப்பினேன்.